இரத்தம் சுமக்கும் பிராணவாயு

குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் உடலில் ஓயாது உழைப்பவை, நாடாவை விசையும் கையும் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும் காலுமாகும். வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு முதுகும் தொடையும் அவ்வாறே உழைக்கின்றன. இத்தசைகள் இயங்க வேண்டுமாயின் அவற்றினுள்ளே நெருப்பு எரிவது போன்றதொரு செயல் நடந்தாக வேண்டும். உண்ட உணவு அதற்கு விறகு. பிராணவாயு அதனை எரிக்கும் காற்று. அடுப்பில் காற்றுப் புகாவிடில் விறகு புகைகிறது. தசையில் பிராணவாயு போதாவிடில் களைப்பும் வலியும் தோன்றுகின்றன.

காற்றுப் புகும் வாயில் மூக்கு. வேலை நடக்கும் இடமோ பல முழம் தள்ளியுள்ள கெண்டைக்கால். இவ்விரண்டுக்கும் இடையே சுமை தூக்குவது இரத்தம் என்பதைப் பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆயினும், தூக்கிய சுமையை உரிய இடத்தில் உரிய அளவுக்கு இறக்கி வைப்பது எவ்வாறு என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குவர். அரிதான பகுதி அதுவே. ஆகையால் இக்கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியதேயாகும்.

எல்லா உயிர்களுக்கும் இப்படியொரு சுமைகாரன் வேண்டுவதில்லை. பட்டுப்புழு வளர்ப்போர், அதன் விலாப்புறத்தில் பக்கத்துக்கு ஒன்பதாகச் சிறு புள்ளிகள் வரிசையாக இருப்பதைக் கண்டிருப்பர். அவை மூச்சுத் துளைகள். அங்கிருந்து மெல்லிய குழாய்கள் கிளைத்து ஒவ்வோர் உறுப்புக்கும் நேரே காற்றைக் கொண்டுசெல்கின்றன. புழுவின் இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதுமில்லை, சிவப்பாக இருப்பதுமில்லை. விரலளவு உடலுக்கு அந்த ஏற்பாடு போதும், நமக்குப் போதாது.

நீர் போன்ற ஒரு திரவமே இப்பணியைச் செய்யலாகாதா என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். 100 மில்லி இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு சுமார் 0.3 மில்லியே. சும்மா படுத்திருக்கும் மனிதனுக்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லி பிராணவாயு வேண்டும். இதைக் கரைசலாக மட்டுமே அனுப்புவதாயின் இருதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கும் மேல் இறைக்க வேண்டிவரும். ஓய்வு நேரத்தில் அது இறைப்பது சுமார் 5 லிட்டர்தான். எஞ்சிய பொறுப்பைச் சிவப்பணுக்கள் ஏற்கின்றன. அவை இருப்பதனால் அதே 100 மில்லி இரத்தம் சுமார் 20 மில்லி பிராணவாயுவைச் சுமக்கிறது.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரு புறமும் நடுவில் குழிந்த வட்டத்தட்டு வடிவினது. தன்னைவிடக் குறுகிய தந்துகிக் குழாயிலும் வளைந்து நுழைந்து செல்ல வல்லது. ஓர் அணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கி அடுக்கப்பட்டுள்ளன. இந்தச் சரக்குக்கு இடம் விடுவதற்காகவே போலும், மற்ற உயிரணுக்களில் காணப்படும் உட்கருவையும் அது துறந்துவிட்டது. தான் உயிர்வாழ வேண்டிய ஆற்றலைப் பிராணவாயுவின் துணையின்றியே சர்க்கரையிலிருந்து பெற்றுக்கொள்கிறது. அதாவது, தான் சுமக்கும் சரக்கில் ஒரு துளியையும் தான் உண்பதில்லை. கிடங்குப் பொறுப்பாளர் அனைவரும் இவ்வாறு இருப்பின் தணிக்கை அதிகாரிகளுக்கு வேலை குறைந்துவிடும்.

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு பொருள். சங்கிலி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வளையமும், வளையத்தின் நடுவில் ஓர் இரும்பு அணுவும் உண்டு. ஓர் இரும்பு அணு ஒரு பிராணவாயு மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும், ஆக நான்கு. இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை மழையில் கிடந்த கொழுவைக் கண்ட உழவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. துரு ஏறும், ஏறிய துரு தானே இறங்காது. இரத்தத்தின் இரும்பும் அவ்வாறு துருவேறினால், நுரையீரலில் ஏற்றிய பிராணவாயுவை உடல் என்றைக்கும் திரும்பப் பெற இயலாது. புரதச் சங்கிலி அந்த இரும்பைச் சூழ்ந்து மடிந்து ஒரு பை போல நின்று காக்கிறது. அதனால் இரும்பு பிராணவாயுவைத் தளர்வாகத் தொட்டுக்கொள்கிறதே தவிர, அதனோடு துருவாக மாறிவிடுவதில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பிடி இறுக்கமாயின், நுரையீரலில் நன்றாக ஏற்றிக்கொண்டு, தசையில் விட மறுக்கும். பிடி தளர்வாயின், தசையில் எளிதாக விடும். ஆனால் நுரையீரலில் நிறைய ஏற்றிக்கொள்ளாது. ஒரே பொருள் ஓரிடத்தில் கருமியாகவும் மற்றோரிடத்தில் வள்ளலாகவும் இருந்தாக வேண்டும். எப்படி?

விடையின் முதற் குறிப்பு 1938இல் பிராக் நகரில் கிடைத்தது. பெலிக்ஸ் ஹவுரோவிட்ஸ் என்னும் வேதியியலார், பிராணவாயு நீக்கிய ஹீமோகுளோபின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுகோணத் தட்டுகளாயிருந்த படிகங்கள், கண்ணாடி விளிம்பு வழியே காற்றுப் புகப் புக, உருக்குலைந்து கரைந்தன. அவ்விடத்தில் ஊசி வடிவமான வேறு படிகங்கள் முளைத்தன. பிராணவாயுவைப் பெற்ற மூலக்கூறு தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது என்பது அதனால் தெரிந்தது. அந்த வடிவம் யாது என்று கண்டறியும் பணியை, வியன்னாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த மாக்ஸ் பெரூட்ஸ் 1937இல் தொடங்கினார். எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு முதல் உருவத்தை அவர் கண்டது 1959இல். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே பொருளின்மேல் கண் வைத்திருந்தார்! 1962இல் ஜான் கெண்ட்ரூவுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அதன் பின்னரும் விடவில்லை. பிராணவாயு ஏறுவதும் இறங்குவதும் நடக்கும் விதத்தை 1970இல் விளக்கினார்.

அவர் கூறியதன் சாரம் இது. பிராணவாயு இல்லாதபோது நான்கு சங்கிலிகளும் ஒன்றையொன்று இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்நிலையில் முதல் பிராணவாயு ஏறுவது கடினம். அது ஏறியதும், வளையத்தின் தளத்தினின்று சற்று விலகி நின்ற இரும்பு அணு தளத்துக்குள் இழுபட்டு, தன்னுடன் சங்கிலியையும் அசைக்கிறது. அந்த அசைவினால் கட்டுகள் நெகிழ்கின்றன. அடுத்தடுத்த பிராணவாயுக்கள் மேலும் எளிதாக ஏறுகின்றன. இறங்கும்போதும் இவ்வாறே. ஒன்று இறங்கினால் மற்றவையும் இறங்க வழி பிறக்கிறது. விஞ்ஞானிகள் இப்பண்புக்கு இட்ட பெயர் ‘கூட்டுறவு’ என்பதே. இவ்விதழுக்காக நாம் புனைந்ததென்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

இதனால் விளையும் ஆதாயத்தைச் சில எண்களில் காணலாம். நுரையீரலின் காற்றறைகளில் பிராணவாயுவின் அழுத்தம் சுமார் 100 பாதரச மில்லிமீட்டர். அங்கே ஹீமோகுளோபினின் இருக்கைகளில் 97 சதவிகிதம் நிறைந்துவிடுகின்றன. ஓய்ந்திருக்கும் உடலின் திசுக்களில் அழுத்தம் 40. அங்கே 75 சதவிகிதம் நிறைந்தபடியே இருக்கின்றன. அதாவது ஏற்றி வந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே இறக்கப்படுகிறது. மிச்சம் இருப்பாகச் சுற்றி வருகிறது. கடுமையாக உழைக்கும் தசையில் அழுத்தம் 20 ஆகத் தாழ்ந்தால், நிறைந்திருப்பது மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. 100இலிருந்து 40 வரை இறங்கியபோது விடாத அளவை, 40இலிருந்து 20 வரை இறங்கும் சிறு படியில் விட்டுவிடுகிறது. தேவை கடுமையாகும் இடத்தில்தான் கை முழுதும் திறக்கிறது.

அழுத்தம் மட்டும் காரணமன்று. கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் என்பவர் தம் துணைவர் இருவருடன் 1904இல் வெளியிட்ட ஆராய்ச்சி மற்றொன்றைக் காட்டியது. (அணுவின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற நீல்ஸ் போர் இவருடைய புதல்வர்.) கரியமிலவாயு மிகுந்தால் இரத்தத்தின் பிடி தளர்கிறது என்பதே அது. அமிலம் மிகுந்தாலும் சூடு மிகுந்தாலும் அவ்வாறே. மிதியை அழுத்தும் கால் கரியமிலவாயுவையும் அமிலத்தையும் வெப்பத்தையும் உண்டாக்குகிறது. அக்கழிவே, அவ்விடத்துக்குக் கூடுதல் சரக்கு வேண்டுமென்று இரத்தத்திடம் நீட்டப்படும் கோரிக்கைச் சீட்டாகிறது. சும்மா இருக்கும் இடக்காதுக்கு அது கிடைப்பதில்லை. பின்னர் நுரையீரலை அடைந்ததும் கரியமிலவாயு வெளியேறுகிறது. பிடி மீண்டும் இறுகுகிறது. நுரையீரலின் தந்துகியில் ஒரு சிவப்பணு தங்கும் நேரம் முக்கால் விநாடி. சுமை ஏறுவதற்கு அதிலும் ஒரு பகுதியே போதும்.

சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துவதற்கென்றே பாஸ்பேட் வகைப் பொருள் ஒன்று இருப்பதை 1967இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இரு சாரார் தனித்தனியே கண்டனர். கருவிலுள்ள குழந்தையின் ஹீமோகுளோபின் இப்பொருளை அதிகம் ஏற்பதில்லை. ஆகவே குழந்தையின் பிடி தாயின் பிடியைவிட இறுக்கமானது. நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தம் விடுவதைச் சேயின் இரத்தம் பற்றிக்கொள்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் வந்து தங்கி, கதிரறுத்த வயல்களில் மேயும் வரித்தலை வாத்துகளும் இறுக்கமான பிடியுடைய ஹீமோகுளோபின் பெற்றவையே. திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வருபவை அவை. அவற்றில் சில 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறப்பது அளந்து அறியப்பட்டுள்ளது. காற்று அவ்வளவு மெலிந்த இடத்தில் தளர்ந்த பிடி உதவாது.

பிடியும் விடுப்பும் இவ்வளவு நுட்பமாக அமைந்திருப்பதால், அது பழுதுபடும் வழிகளும் நுட்பமானவையே. அவற்றுள் சில நம் தொழிலகங்களிலேயே உள்ளன.

முதலாவது கரியடுப்பின் புகை. புகை என்பதும் சரியன்று. கார்பன் மோனாக்சைடு என்னும் அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றுப் போதாமல் கனலும் கரியிலிருந்து அது எழுகிறது. ஹீமோகுளோபின் அதனைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான விருப்பத்தோடு பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தின் ஜான் ஸ்காட் ஹால்டேன், நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் மாண்டவர்களை ஆராய்ந்து, பெரும்பாலோர் வெடிப்பினாலன்றி இவ்வாயுவினாலேயே மாண்டனர் என்று 1896இல் அறிக்கை தந்தார். (அவருடைய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957இல் நம் நாட்டுக்கு வந்து தங்கி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.)

சோகையினால் ஹீமோகுளோபினில் பாதியை இழந்தவர் தளர்ந்த நடையாயினும் நடந்துகொண்டிருப்பார். கார்பன் மோனாக்சைடு பாதி இருக்கைகளைக் கவர்ந்துகொண்டவரோ மயங்கி வீழ்ந்து சாவின் வாயிலில் கிடப்பார். எஞ்சியுள்ள பிராணவாயு இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. பின் ஏன் இந்த வேறுபாடு? ஓரிரண்டு இருக்கைகளில் நஞ்சு வாயு அமர்ந்தவுடன், அதே மூலக்கூறின் மற்ற இருக்கைகள் தம் பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இரத்தத்தில் சரக்கு இருக்கிறது, இறங்கவில்லை. அவருடைய தோல் வெளிறுவதுமில்லை. விரலில் மாட்டி அளவு பார்க்கும் சிறு கருவி, 2020ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்காலம் முதல் பல வீடுகளில் உள்ளதே, அது இரத்தத்தின் நிறத்தைக் கொண்டே கணக்கிடுவதாகையால் இந்நஞ்சேறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமென்று காட்டிவிடும். குளிர் நாளில் பட்டுப்புழு வளர்ப்பறையைச் சூடேற்றக் கரியடுப்பு வைப்போரும், மலையூர்களில் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துத் தாழிட்டு உறங்குவோரும் இதனை மறவாதிருத்தல் வேண்டும். தலைவலியும் குமட்டலும் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும்.

இரண்டாவது சாயப்பட்டறையைச் சார்ந்தது. முன்னர்ச் சொன்ன அந்தத் துரு, சில பொருள்களால் உண்மையாகவே ஏறிவிடுகிறது. அனிலினும் நைட்ரைட்டும் அத்தகையவை. அவை உடலில் புகுந்தால் ஹீமோகுளோபினின் இரும்பு பிராணவாயுவைப் பற்ற இயலாத நிலையை அடைகிறது. இரத்தம் செம்மை இழந்து பழுப்பாகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. துணிகளில் அடையாளமிடும் அனிலின் மையினால், அத்துணி சுற்றிய பச்சிளங் குழந்தைகள் நீலம் பாரித்ததை இங்கிலாந்து மருத்துவர் ஒருவர் 1886இலேயே எழுதியுள்ளார். தோலின் வழியாகவே அது உட்புகும்.

நாப்தால் முறையில் சாயமிடுவோர் பயன்படுத்தும் சோடியம் நைட்ரைட் பார்வைக்குச் சமையல் உப்பைப் போன்றது, சுவையிலும் உப்பே. 1944 செப்டம்பரில் நியூயார்க் நகரில் பதினொரு மனிதர் நீலம் பாரித்து மருத்துவமனைக்கு வந்தனர். அனைவரும் ஒரே உணவகத்தில் கஞ்சி அருந்தியவர்கள். உப்பென்று எண்ணிச் சேர்க்கப்பட்டது சோடியம் நைட்ரைட். அவர்களுள் ஒருவர் இறந்துபோனார். பட்டறையில் உணவு உண்பதும், நைட்ரைட்டை வீட்டு டப்பாக்களில் இட்டு வைப்பதும் எத்தகைய ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இந்நோய்க்கு மருத்துவர் நரம்பின் வழியே செலுத்தும் மருந்து எது தெரியுமா? மெத்திலீன் நீலம், 1876இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ பருத்தித் துணிக்கென்று கண்டுபிடித்த சாயம்! ஆயினும் அதை மருத்துவரே, மருந்துக்கெனத் தூய்மை செய்த நிலையில், அளவறிந்து தர வேண்டும். பட்டறைச் சாயம் மருந்தாகாது.

பயிரிடுவோருக்கும் இதில் பங்குண்டு. தழைச்சத்து உரமும் எருக்குழிக் கசிவும் கிணற்று நீரில் நைட்ரேட்டாகச் சேர்கின்றன. அந்நீரில் பால்மாவு கரைத்து ஊட்டப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் 1945இல் கண்டு வெளியிட்டார். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாதென்பது நம் நாட்டு விதி. காய்ச்சினால் தீருமென்பது தவறான எண்ணம். நீர் ஆவியாகக் குறைந்து நைட்ரேட் இன்னும் செறிவாகும்.

இவையனைத்தும் எப்போதோ நேர்பவை. எப்போதும் நம்மிடையே இருப்பது சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இத்தனை பேர் எப்படி நூல் சுற்றுகிறார்கள், களை பறிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்?

அதற்கும் விடை அந்த இறக்கிவைப்பில் உள்ளது. ஹீமோகுளோபின் குறையக் குறைய, சிவப்பணுவுக்குள் முன்சொன்ன பாஸ்பேட் பொருள் பெருகிப் பிடியை மேலும் தளர்த்துகிறது. சுமைகாரர் குறைந்தனர், எஞ்சியவர் கையிலுள்ளதை அதிகமாக இறக்கிக் கொடுக்கின்றனர். இருதயமும் விரைந்து இறைக்கிறது. 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 8 கிராம் உள்ள பெண், நாள்பட்டுக் குறைந்ததாயின், தன் நிலையை உணர்வதேயில்லை. மாலையில் வரும் களைப்பை வேலையின் களைப்பென்றும், படியேறும்போது வரும் மூச்சுத் திணறலை வயதென்றும் கொள்கிறாள். வீட்டாரும் அப்படியே கொள்கின்றனர். இரத்தம் தன் இருப்பையெல்லாம் எடுத்துச் செலவிட்டு ஈடுசெய்துவருவது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பேறுகாலத்தில் இரத்தப் பெருக்கு நேரும்போதுதான், இருப்பு முன்பே தீர்ந்துபோனது வெளிப்படுகிறது. சோகையுற்ற தாய்க்கு, பிறர் தாங்கிக்கொள்ளும் அளவு இழப்பே உயிருக்கு உலையாகிவிடும். ஆகவே உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டிருப்பதில் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தம் கொடுத்து அளந்து பார்ப்பதொன்றே வழி.

இரும்புச்சத்துக் குறைவே சோகைக்குப் பெருங் காரணம் எனினும், அது ஒன்றே காரணமன்று. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்துப் புகும் கொக்கிப்புழு, குடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். அப்புழு இருக்கும்வரை மாத்திரை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். முதலில் புழு நீங்க வேண்டும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவையே. ஆயினும் கீரை தானியங்களிலுள்ள இரும்பை உடல் மிகச் சிறிதளவே ஏற்கும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் சற்று அதிகம் ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும்.

மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைப் பலர் இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுகின்றனர். களைப்பு நீங்கிற்று, இனி எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். மெலிந்த அணுக்கள் கழிந்து நிறைந்த அணுக்கள் அவ்விடத்தில் வருவதற்கு மாதங்கள் பிடிக்கும். அளவு சரியான பின்னரும், உடலின் கிடங்கு நிரம்புவதற்கு மேலும் மூன்று மாதம் போலத் தொடர்ந்து உட்கொள்ளச் சொல்வது வழக்கம். சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அவர்கள் நிறுத்திவிடாமல், உணவுக்குப் பின் உட்கொள்ளலாமா, அளவை மாற்றலாமா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்க வேண்டும். மாத்திரை உண்ணும் நாட்களில் மலம் கருத்துப் போவது கண்டு பலர் அஞ்சி விட்டுவிடுகிறார்கள். உடல் ஏற்காது விட்ட இரும்பின் நிறமே அது.